கிடார் செய்த தச்சர்



இந்த மாதச் சுவரிதழில் ஆளுக்கு ஒரு சான்றோர் வரலாறு எழுத வேண்டும் என்று தமிழ் ஐயா சொன்னதுமே வகுப்பில் எல்லாரும் பேர் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கலாம் ஐயாவை நான்கு பேர் எடுத்துவிட்டார்கள். காமராசருக்குச் சண்டையே நடந்தது. நான் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்து டோரஸ் என்று சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கால்பந்து வீரர் ஒருவருக்கும் அந்தப் பேர் இருக்கிறதாம், பையன்கள் அவர்தான் என்று நினைத்துவிட்டார்கள். அவர் இல்லை. இவர் பெயர் அந்தோணியோ டி டோரஸ் ஹுராடோ. ஸ்பெயின் நாட்டுத் தச்சர். இறந்து 130 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று உலகம் முழுவதும் நைலான் நரம்பு போட்டு விரலால் வாசிக்கிற கிடார் எல்லாம் இவர் போட்டுத் தந்த அச்சில்தான் செய்யப்படுகிறது.

எனக்கு இவரை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கப்பா தச்சு வேலை செய்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். கதவு, ஜன்னல், கட்டில் செய்வார். போன கோடை லீவில் பக்கத்து ஊர் வேதக்கோயிலில் இருந்து ஒரு கிடாரைக் கொண்டுவந்து தந்தார்கள். கம்பி கட்டுகிற கட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா இதுவரை கிடார் தொட்டதில்லை. டார்ச் அடித்து அந்த வட்ட ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே மேல் பலகைக்கு அடியில் ஏணிப்படி மாதிரி குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருந்தன. வெளியே வழவழவென்று இருக்கிற பெட்டிக்குள் இவ்வளவு வேலை எதற்கு என்று அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். பள்ளி திறந்ததும் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் தேடிப் படித்துச் சொன்ன விஷயத்தில்தான் இந்த டோரஸ் வந்தார். அப்புறம் நான் விடவில்லை.

டோரஸ் 1817 ஜூன் 13 அன்று பிறந்தார். ஊர், தெற்கு ஸ்பெயினில் கடலோரம் இருக்கிற அல்மேரியா நகரத்தை ஒட்டிய லா கன்யாடா என்ற சிற்றூர். மழை குறைவான, காய்ந்த பகுதி அது. அப்பா வரி வசூலிக்கிற வேலை பார்த்தவர். டோரஸை 12 வயதில் தச்சு வேலை பழக விட்டார்கள். அதாவது நம்ம ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வயசு. உளி பிடிப்பது, இழைப்பது, வாள் அறுப்பது எல்லாம் அந்த வயதில் தொடங்கியது. கிடார் செய்யப் போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

1833இல் ஸ்பெயின் ராஜா இறந்துபோனார். அவருக்கு மூன்று வயது கூட நிரம்பாத ஒரு மகள். அந்தக் குழந்தையை ராணியாக்கியதை ராஜாவின் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை மூண்டது. டோரஸைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய அப்பா யாரையோ பிடித்து, பையனுக்கு உடம்பு சரியில்லை, பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று எழுதி வாங்கி வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். ஆனால் மறுபடி கூப்பிட்டால் என்ன செய்வது? கல்யாணம் ஆகாதவர்களையும், பிள்ளை இல்லாமல் மனைவியை இழந்தவர்களையும்தான் அப்போது பிடித்தார்கள். அதனால் 1835இல் அவசர அவசரமாக ஒரு கல்யாணம் முடித்தார்கள். பெண் ஒரு கடைக்காரரின் மகள், பேர் ஹுவானா மரியா லோபஸ். அவளுக்கு வயது 13.

இதைப் படித்ததும் நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். எனக்கு 14. அவள் என்னைவிட ஒரு வயசு சின்னவள். ஒருத்தன் பட்டாளத்துக்குப் போகாமல் இருக்க அவளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். 1836இல் ஒரு பெண் குழந்தை. 1839இல் இன்னொரு பெண் குழந்தை. 1842இல் மூன்றாவது குழந்தை பிறந்து சில மாதத்தில் இறந்துவிட்டது. இரண்டாவது குழந்தையும் பிழைக்கவில்லை. 1845இல் ஹுவானாவும் காசநோயில் இறந்துபோனாள். வயது 23. டோரஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இதை நாலு வரியில் முடித்துவிட்டு கிடாருக்குப் போய்விடுகிறார்கள். நானும் போகத்தான் வேண்டும், ஆனால் அவள் பேரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். (எழுதித் தருவது பத்தாம் வகுப்பு அக்கா. அவங்க கையெழுத்துதான் அழகு.) நம்ம வகுப்பிலும் ஒரு இடம் காலியாகி ஆறு மாதம் ஆகிறது. அது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அந்த வருடங்களில் டோரஸுக்குக் கடன் மேல் கடன். தச்சு வேலையில் வந்த காசு வட்டிக்குப் போதவில்லை. ஊரை விட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போக வேண்டியதாகிவிட்டது. 1842 வாக்கில் கிரனாடா நகரத்தில் ஹோசே பெர்னாஸ் என்பவரிடம் கிடார் செய்யக் கற்றுக்கொண்டார் என்று சொல்கிறார்கள். பிறகு செவில் நகரத்தில் பட்டறை போட்டார். பட்டறை இருந்த தெருவின் பேருக்கு அர்த்தம் பூட்டு செய்கிறவர்கள் தெரு. தனியாக வாடகை கொடுக்க முடியாமலோ என்னவோ, மானுவல் சோட்டோ என்ற இன்னொரு கிடார் தச்சரோடு ஒரே கடையைப் பங்கு போட்டுக்கொண்டார். 1840களில் அங்கொன்று இங்கொன்று என்று கிடார் செய்திருக்கிறார். ஆனால் இதுதான் என் தொழில் என்று இறங்கியது 1850களில்தான், அதாவது முப்பத்தைந்து வயதைத் தாண்டி. அதற்குக் காரணம் ஹூலியன் ஆர்காஸ் என்ற புகழ்பெற்ற கிடார் வித்துவான். அவர்தான் டோரஸின் கைவேலையைப் பார்த்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டு கிடாரே செய் என்று ஊக்கம் கொடுத்தவர். வாசிக்கிறவருக்கு என்ன வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லவும் சொன்னார்.

வாசிக்கிறவருக்கு வேண்டியது சத்தம்தான். அந்தக் காலத்துக் கிடார் சின்னதாக, இடுப்பு ஒடுங்கி இருக்கும். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கலாம், பெரிய மண்டபத்தில் பின்வரிசைக்குக் கேட்காது. மைக் கிடையாது. பியானோ போன்ற பெரிய வாத்தியங்களுக்கு முன்னால் கிடாரை யாரும் மதிக்கவில்லை. அப்போது நரம்பு என்றால் உண்மையாகவே நரம்பு மாதிரிதான், மேல் மூன்றும் ஆட்டுக் குடலில் திரித்தவை, கீழ்ச் சுருதி மூன்றும் பட்டு நூல் மேல் கம்பி சுற்றியவை. நைலான் நரம்பு வந்தது 1940களில்.

இப்போது டோரஸ் என்ன செய்தார் என்பதை அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நரம்பு தானாகப் பெரிய சத்தம் போடாது. அது மேல் பலகையை ஆட்டுகிறது, பலகை காற்றை ஆட்டுகிறது. பறையில் தோல் மாதிரி கிடாரில் மேல் பலகை. பலகை பெரிதாகவும் மெலிதாகவும் இருந்தால் நன்றாக ஆடும். ஆனால் மெலிந்தால் என்ன ஆகும்? இன்றைய நைலான் நரம்பு ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ கனத்தில் இழுக்கின்றன. பலகை வளைந்து, பிளந்து, கட்டை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், வேதக்கோயில் கிடாரில் வந்த மாதிரி. அதற்குப் பயந்து பலகையைத் தடிமனாக விட்டால் சத்தம் செத்துவிடும். இதுதான் முடிச்சு.

டோரஸ் கிடாரின் உடம்பைப் பெரிதாக்கினார். மேல் பலகையை மெலிதாக இழைத்தார், பல இடங்களில் இரண்டு மில்லிமீட்டர்தான், நம்ம ஸ்கேலில் இரண்டு சின்னக் கோடு. அதை ஒரே தட்டையாக விடாமல் லேசாகக் கவிழ்த்த தட்டு மாதிரி குவித்தார். அடியில் ஏழு மெல்லிய குச்சிச் சட்டங்களைப் பனையோலை விசிறி விரித்தது போல ஒட்டினார். பக்கத்தில் வரைந்திருக்கிறேன், பாருங்கள். கீழே இரண்டு குச்சி சாய்வாக வந்து விசிறியை மூடுகிறது, மொத்தமாகப் பார்த்தால் காற்றாடி வடிவம். இந்த விசிறிச் சட்டத்தை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சில பேர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவருக்கு முன்பே, 1700களிலேயே, செவில், காதிஸ் ஊர்த் தச்சர்கள் விசிறி போட்டிருக்கிறார்கள். டோரஸ் செய்தது அதை அளந்து, சமன் பார்த்து, பெரிய உடம்புக்கும் மெலிந்த பலகைக்கும் பொருத்தியதுதான். எனக்கு என்னவோ கண்டுபிடிப்பதைவிட இதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது. நரம்பின் நீளத்தையும் 65 சென்டிமீட்டர் என்று வைத்தார். இன்றும் கடையில் கிளாசிக்கல் கிடார் வாங்கினால் பெரும்பாலும் அதே 65தான்.

1856இல் அவர் செய்த ஒரு கிடாருக்குப் பேரே உண்டு. லா லியோனா, அதாவது பெண் சிங்கம். ஓட்டைக்கு உள்பக்கம் பித்தளைக் குழாய் மாதிரி ஒன்றை வைத்து அதில் சோதனை செய்திருக்கிறார். அந்தக் கிடார் இன்றும் இருக்கிறது, நம் காலத்து வித்துவான்கள் அதில் வாசித்துப் பதிவு கூடச் செய்திருக்கிறார்கள். 1858இல் செவில் நகரப் பொருட்காட்சிக்கு நுணுக்க நுணுக்கமாக வேலைப்பாடு செய்து ஒரு கிடார் கொண்டுபோய் வைத்தார், வெண்கலப் பதக்கம் கிடைத்தது. நாற்பது வயதில் முதல் பரிசு.

எனக்கு மிகவும் பிடித்தது 1862இல் அவர் செய்த அட்டைக் கிடார். ஆமாம், அட்டைதான். விலை உயர்ந்த மரம் போட்டால்தான் நல்ல சத்தம் வரும் என்று அப்போது பேச்சு இருந்தது. ஈட்டி மரம் போட்டால் ஒரு விலை, சைப்ரஸ் மரம் போட்டால் ஒரு விலை. டோரஸ் சத்தியம் பண்ணவில்லை, சண்டை போடவில்லை. பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டையும் அட்டையில் செய்து, மேல் பலகையை மட்டும் வழக்கம்போல ஸ்ப்ரூஸ் மரத்தில் இழைத்து, விசிறி ஒட்டி, நரம்பு கட்டினார். அது வாசித்தது. உயிர் மேல் பலகையில்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டார். அந்தக் கிடார் இப்போது பார்சலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது வாசிக்கிற நிலையில் இல்லை. அறிவியல் கண்காட்சிக்கு நாம் எரிமலையையே எத்தனை வருடம் செய்வது? இதைச் செய்யலாம் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

அட்டையில் சோதனை செய்கிறவருக்குக் கைச்செலவுக்குப் பணம் இருந்ததா என்றால், இல்லை. பணக்காரர் கேட்டால் ஈட்டியில் சித்திர வேலையோடு செய்வார், ஏழை கேட்டால் சைப்ரஸில் சாதாரணமாகச் செய்வார். அகலப் பலகை கிடைக்காதபோது மூன்று நான்கு துண்டுகளை ஒட்டிச் சேர்த்துக்கூட மேல் பலகை செய்திருக்கிறார். இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். துண்டுப் பலகை மிச்சத்தை வைத்து எங்கள் வீட்டுப் பரண் கதவு செய்தது ஞாபகம் வந்திருக்கும்.

1868இல் டோரஸ் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். மனைவி பேர் ஹோசெஃபா. அதற்கு அடுத்த வருடம் 17 வயதுப் பையன் ஒருவன் செவிலுக்குக் கிடார் வாங்க வந்தான். பார்த்தால் பெரிய பணக்காரன் மாதிரி இல்லை. டோரஸ் கடையில் இருந்த சுமாரான கிடார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பையன் வாசித்தான். கேட்டுக்கொண்டே இருந்தவர் உள்ளே போய், தனக்கென்று 1864இல் செய்து வைத்திருந்த கிடாரை எடுத்து வந்து அவனிடம் தந்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் ஃபிரான்சிஸ்கோ தாரேகா. ஸ்பெயினின் மிகப் பெரிய கிடார் மேதை. அந்தக் கிடாரைச் சுமார் இருபது வருடம் வாசித்தார். தாரேகாவை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நோக்கியா போனில் முன்பு அடிக்குமே ஒரு மணியோசை, அது தாரேகா 1902இல் எழுதிய ஒரு கிடார் இசையில் இருந்து எடுத்த துண்டு. எங்க தாத்தா போனில் இன்னும் அதுதான் அடிக்கிறது. தாரேகாவின் மாணவர் மிகுவேல் யோபெட்டும் டோரஸ் 1859இல் செய்த கிடார் ஒன்றைத்தான் வாசித்தார்.

இவ்வளவு பேர் வந்தும் என்ன ஆயிற்று தெரியுமா? 1870 வாக்கில் டோரஸ் செவில் பட்டறையை மூடிவிட்டார். சொந்த ஊர்ப் பக்கம் அல்மேரியாவுக்குத் திரும்பி, மனைவியோடு பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை வைத்தார். உலகத்திலேயே சிறந்த கிடார் செய்த கை ஐந்து வருடம் போல தட்டும் டம்ளரும் பொட்டலம் கட்டியது. எங்கப்பாவும் போன வருடம், ரெடிமேட் கதவு வந்த பிறகு வேலையில்லை, சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டு ஒரு கடைக்குக் கூலிக்குப் போகிறேன் என்று சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உளிப்பெட்டி மட்டும் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

டோரஸால் சும்மா இருக்க முடியவில்லை. 1875 முதல் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் மறுபடி கிடார் செய்ய உட்கார்ந்தார். அந்தக் கிடார்களுக்குள் ஒட்டிய சீட்டில் இரண்டாம் காலம் என்று போட்டு, எண் வரிசையும் போட்டார். தன் வாழ்க்கையைத் தானே இரண்டாகப் பிரித்து எழுதிவைத்த மாதிரி. 1883இல் ஹோசெஃபாவும் இறந்துவிட்டார். அதற்குப் பின் கிடாரே கதி. வருடத்துக்கு ஏறக்குறைய 12 கிடார். வயது எழுபது தொட்டது, கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த ஓர் இளம் பாதிரியார், பேர் ஹுவான் மார்ட்டினெஸ் சிர்வென்ட், வந்து துண்டுகளைப் பிடித்து ஒட்டிக்கொடுத்தார். அதை அவரே பல வருடம் கழித்து 1931இல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தில்தான் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒருநாள் விருந்தில் பெரிய மனிதர்கள் டோரஸிடம், உங்கள் கிடாரின் ரகசியத்தைச் சொல்லாமல் போகலாமா, அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று கேட்டார்கள். அவருக்கு வருத்தமாகிவிட்டது. ஒளித்துவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, இந்த இளம் பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார் என்றார். ஆனால் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது என்றாராம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பலகையைப் பிடித்தால், இன்னும் இழைக்க வேண்டுமா, போதுமா என்று அந்த விரல் நுனிதான் மூளைக்குச் சொல்கிறது, அது தன்னோடு மண்ணுக்குப் போய்விடும் என்பதுதான் அவர் பதிலின் பொருள். எங்கப்பா நிலைக்கதவு இழைக்கும்போது கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே வருவார். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

1892 நவம்பர் 19 அன்று டோரஸ் இறந்தார். வயது 75. மொத்தம் சுமார் 320 கிடார் செய்திருப்பார் என்று, பிறகு அவர் வரலாற்றை ஆராய்ந்து 1987இல் புத்தகமாக எழுதிய ஹோசே ரொமானியோஸ் கணக்குப் போட்டார். ரொமானியோஸும் கிடார் செய்த தச்சர்தான். வாத்தியார் எழுதுவதைவிடத் தச்சர் எழுதியது நல்லதாகப் போயிற்று. (ஐயா மன்னிக்கவும்.) 320இல் இன்று கண்டெடுக்கப்பட்டவை நூறு சுமாருக்குத்தான். அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பவர்களிடமும் இருக்கின்றன. பேர் பெரிதாகிவிட்டதால் போலிச் சீட்டு ஒட்டி விற்றவர்களும் உண்டு. அதனால் உள்ளே சிறு கண்ணாடி விட்டு, விசிறியை அளந்து, இழைப்புத் தடத்தைப் பார்த்துத்தான் அசலா என்று சொல்கிறார்கள். அல்மேரியாவில் 2013இல் அவர் பேரிலேயே கிடார் அருங்காட்சியகம் திறந்தார்கள். கடன்காரனுக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவருக்கு அதே ஊரில் கட்டடம்.

வேதக்கோயில் கிடாரை அப்பா மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய ஒட்டைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டி, மேலே கல் வைத்துக் கட்டிப் போட்டிருந்தார். இன்றுவரை ஒட்டு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்கிறது. டோரஸும் மாட்டுத்தோல் காய்ச்சிய அதே வகைப் பசையில்தான் விசிறியை ஒட்டினார்.

இதை எழுதி முடித்து அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். மேலே நான் வெறும் பசை காய்ச்சி என்று எழுதியிருந்தேன். வஜ்ஜிரம் என்று போடச் சொன்னார். போட்டுவிட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி